ஒரு சாண் எலும்புக்குள்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவில் விடியல் அவசரப்படுவதில்லை. பனி முதலில் முகட்டை விட்டு நழுவும். பிறகு தேயிலைச் சரிவுகள் வரிசை வரிசையாகத் தெளியும். கடைசியில் பள்ளத்தில் இருக்கும் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூடாரங்கள் வெயில் பட்டு மின்னத் தொடங்கும். தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு சேரும் இந்த மலைமடிக்கு வருகிறவர்கள் வியக்கப் பொருள் நிறைய உண்டு. 1960களில் மலையைக் குடைந்து தெலோமின் நீரை மறுபக்கம் திருப்பிய சுரங்கத்தை வியக்கிறார்கள். ஓடும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் சிறு நிலையத்தை வியக்கிறார்கள். கொழுந்து பறித்து, நிறைந்த சுமையோடு ஈரச் சரிவில் ஏறிவரும் பெண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவளை ஏற்றிக்கொண்டு வரும் எலும்பை மட்டும் யாரும் நினைப்பதில்லை. நம் கவிகளும் இடையைத்தான் நூற்றாண்டுக்கணக்கில் பாடினார்கள். இடைக்குக் கீழே நின்று அத்தனையையும் தாங்கும் எலும்பைப் பாட அவர்களுக்கு நேரமில்லை போலும்.

அந்த எலும்பு தொடையெலும்பு. மனித உடலில் மிக நீளமானதும் மிக வலுவானதும் அதுவே. ஒருவரின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அதன் மேல்முனையில் ஒரு சாண் அளவுள்ள பகுதிதான் இங்கே நாம் வணங்கி நிற்க வந்த இடம். இடுப்புக் கிண்ணத்துக்குள் பொருந்திச் சுழலும் உருண்டைத் தலை. அதைச் சாய்வாகத் தாங்கும் கழுத்து. கழுத்து முடியுமிடத்தில் வெளிப்பக்கம் ஒரு பெரிய முண்டு, உள்பக்கம் ஒரு சிறிய முண்டு. அதற்குக் கீழே நேராக இறங்கும் தண்டு. முண்டுகளை மருத்துவர்கள் ட்ரோக்கான்டர் என்பார்கள். நம் இடுப்பின் பக்கவாட்டில் கை வைத்தால் தோலுக்கடியில் தட்டுப்படுவது பெரிய முண்டு. ஆயுள் முழுக்கக் கூடவே இருந்தும், அதன்மேல் ஒருமுறை கையை வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நடக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு காலைத் தூக்கிய நொடியில் உடல் முழுவதும் மறு காலின் இடுப்பில் இறங்குகிறது. உடல் சரிந்துவிடாமல் பிடிக்க, பெரிய முண்டில் வேர்விட்ட பிட்டத் தசைகள் பக்கத்திலிருந்து இழுக்கின்றன. எடையும் இழுப்பும் சேர்ந்து இடுப்பு மூட்டின்மேல் விழும் அழுத்தம், சாதாரண நடையிலேயே உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு. ஐம்பது கிலோ எடையுள்ள பெண் சமதரையில் நடந்தாலே ஒவ்வோர் அடியிலும் நூற்றிருபத்தைந்து கிலோ. முதுகில் சுமை இருந்தால் அதற்குத் தனிக்கணக்கு. மழை நனைத்த மண்ணில் கால் இடறினால் அந்த ஒரு கணத்தில் அழுத்தம் எடையின் ஏழெட்டு மடங்குக்குத் தாவும் என்று, செயற்கை மூட்டுக்குள் அளவுமானி பொருத்தி ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தைப்பூசத்தன்று காவடியோடு படியேறும் தோள்களின் பாரமும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமைக்கும் தாயின் பாரமும், மூன்று சென்டிமீட்டர் அளவே தடித்த அந்தக் கழுத்து வழியாகத்தான் தரைக்கு இறங்குகின்றன. அது முனகுவதுகூட இல்லை.

கழுத்துக்கும் தண்டுக்கும் இடையில் ஒரு கோணம் உண்டு. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 125 முதல் 130 பாகை. பிறந்த குழந்தையில் அது 150 பாகையை ஒட்டி, நிமிர்ந்தாற்போல் இருக்கும். தவழ்ந்து, பிடித்து நின்று, தத்தி நடந்து, ஓடி விழுந்து எழும் ஆண்டுகளில் அந்தக் கோணம் மெல்ல மெல்லக் குறைந்து தன் அளவை அடைகிறது. கழுத்து முன்பக்கம் திரும்பியிருக்கும் அளவும் அப்படியே வயதோடு குறைகிறது. நாம் குழந்தைக்கு நடை பழக்கியதாக நினைத்துக்கொள்கிறோம். அந்த நடையோ ஓசையில்லாமல் குழந்தையின் எலும்பைச் செதுக்கிக்கொண்டிருக்கிறது.

எலும்பை நெடுக்காக அறுத்துப் பார்த்தால் வியப்பு இன்னும் ஆழமாகிறது. உள்ளே திண்மையான கட்டி எதுவும் இல்லை. மெல்லிய எலும்பு இழைகள், ஒன்றையொன்று குறுக்கிட்டு, நடுவே இடைவெளி விட்டு, ஓர் ஒழுங்கில் ஓடுகின்றன. ஒரு கற்றை தண்டின் உள்சுவரிலிருந்து கிளம்பி விரிந்து தலையின் உச்சிக்குப் போகிறது. அமுக்கும் விசையைத் தாங்குவது அதன் பணி. இன்னொன்று வெளிச்சுவரிலிருந்து வளைந்தெழுந்து கழுத்தின் மேற்புறமாகத் தலைக்குள் நுழைகிறது. இழுக்கும் விசை அதனுடையது. இவற்றுக்கு நடுவில் இழைகள் அருகிய ஒரு முக்கோணம் தெரியும். அதை 1838இல் விவரித்தவர் பிரெடெரிக் ஓல்ட்பீல்ட் வார்ட் என்ற ஆங்கிலேயர். இன்றும் அது வார்டின் முக்கோணம்தான். பாரம் குறைவாகப் படும் இடம் அது, ஆகவே இழையும் குறைவு. தேவையில்லாத இடத்தில் ஒரு துளியையும் வீணாக்காத சிக்கனம்.

1860களில் சூரிச் நகரில் ஹெர்மான் ஃபான் மேயர் என்ற உடற்கூற்றாளர் இந்த இழைகளைக் காட்டியபோது, கார்ல் குல்மான் என்ற பொறியாளர் திகைத்துப்போனார். பாரம்தூக்கியின் வளைந்த கரத்தில் விசை ஓடும் கோடுகளைத் தாளில் கணக்கிட்டு வரைந்து கற்பித்தவர் அவர். அதே கோடுகள், யாரும் கணக்கிடாமலே, மனிதத் தொடைக்குள் கிடந்தன. ஜூலியஸ் வொல்ஃப் இதைத் தொடர்ந்து சென்று, எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கேற்பத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது என்ற விதியை 1892இல் நூலாக வெளியிட்டார். குல்மான் கணித்த கோடுகளுக்கும் உண்மையான இழைகளுக்கும் இடையே வேறுபாடுகள் உண்டு என்று பின்னால் வந்தவர்கள் குறை கண்டார்கள். விதியின் சாரம் நிலைத்துவிட்டது.

எப்படி மாற்றிக்கொள்கிறது? இதற்கு விடை தேயிலை மலையிலேயே இருக்கிறது. தேயிலையைத் தன்போக்கில் விட்டால் அது மரமாகிவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வெட்டி, பழைய கிளைகளைக் கழித்தால்தான் கையெட்டும் உயரத்தில் புதுக்கொழுந்து தளிர்க்கும். எலும்புக்குள்ளும் ஓயாமல் கவாத்து நடக்கிறது. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பைக் கரைத்துக்கொண்டே போக, இன்னொரு வகை அவற்றின் பின்னாலேயே வந்து புது எலும்பை இட்டு நிரப்புகிறது. வளர்ந்த உடலின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. நாம் உறங்கினாலும் அந்த வேலையாட்கள் உறங்குவதில்லை. அவர்களுக்குத் தண்டலும் கிடையாது, கிராணியும் கிடையாது; எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று அவர்களுக்குச் சொல்வது நம் காலடிகளின் அதிர்வு.

இத்தனை ஒழுங்குள்ள இடத்திலும் நோய் வருகிறது. பயத்தோடு சேர்ந்து ஒரு பணிவையும் தரும் செய்தி ஒன்று அதில் உண்டு: அந்த நோய்கள் கண்ட இடத்தில் முளைப்பதில்லை. கட்டிகளும், கட்டிபோலத் தோன்றும் கோளாறுகளும் இந்த ஒரு சாண் எலும்பில் தத்தமக்கென்று இடம் வைத்திருக்கின்றன. தலையில் வருவது ஒன்று, கழுத்தில் வருவது ஒன்று, முண்டுகளுக்கு நடுவே வருவது வேறொன்று. அனுபவமுள்ள மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்ததும் நோயாளியின் வயதையும் புள்ளி இருக்கும் இடத்தையும் மட்டும் வைத்தே பாதி வழி வந்துவிடுவார். ஏன் இப்படி என்று கேட்டால், எலும்பு உருவான வரலாற்றுக்குள் போகவேண்டியிருக்கிறது.

கருவறையில் தொடையெலும்பு முதலில் குருத்தெலும்பாகத்தான் தோன்றுகிறது. ஏழாவது வாரத்தையொட்டித் தண்டின் நடுவில் எலும்பாதல் தொடங்கும். தலை எலும்பாகத் தொடங்குவது பிறந்து நான்கு முதல் ஆறு மாதங்களில். பெரிய முண்டு நான்கு வயதளவில். சிறிய முண்டு பன்னிரண்டு வயதையொட்டி. இவற்றுக்கும் தண்டுக்கும் இடையில் வளர்ச்சித் தட்டு என்ற மெல்லிய குருத்தெலும்பு வளர்இளம் பருவம்வரை நின்று, பிறகு எலும்பாகி மூடிக்கொள்ளும். ஆளுக்கு ஆள் சற்று முன்பின் இருக்கலாம். வரிசை பிசகுவது அரிது.

இப்போது நோய்களின் இருப்பிடத்தைப் பாருங்கள். பதின்வயதினருக்கு வரும் காண்ட்ரோபிளாஸ்டோமா என்ற கட்டி குருத்தெலும்பு வழிவந்தது, பெரும்பாலும் தீங்கற்றது. அது குடியேறும் இடம் தொடையெலும்பின் தலை, அல்லது பெரிய முண்டு. ஒன்று மூட்டுக்குள் இருப்பது, மற்றது மூட்டுக்கு வெளியே தசைக்குப் பிடிப்பாக இருப்பது. பார்வைக்கு உறவே இல்லாதவை. பிறந்த விதத்தில் இரண்டும் உடன்பிறப்புகள், இரண்டும் குருத்தெலும்பாக இருந்து, தனித்தனி மையங்களிலிருந்து எலும்பானவை. கட்டிக்கு அந்த உறவு தெரிந்திருக்கிறது. ராட்சத செல் கட்டியோ பொதுவாக வளர்ச்சித் தட்டு மூடும்வரை காத்திருந்து, இருபது முப்பது வயதுகளில் எலும்பின் முனையை நாடி வரும். வளர்ந்தவர்களின் தலைப்பகுதியில் மெதுவாக வளரும் ஒரு புற்று உண்டு, தெளிசெல் காண்ட்ரோசார்கோமா. தொடையெலும்பின் தலைதான் அது மிகுதியாகத் தேர்ந்தெடுக்கும் இடம். சாதுவான காண்ட்ரோபிளாஸ்டோமாவைப் போலவே படத்தில் தோன்றி ஏமாற்றவும் செய்யும்.

எலும்புப் புற்றுகளில் பெயர்பெற்ற ஆஸ்டியோசார்கோமா இந்த மேல்முனையைவிடக் கீழ்முனையை, முழங்காலை ஒட்டிய பகுதியை, அதிகம் நாடுகிறது. தொடையெலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு கீழ்முனைத் தட்டிலிருந்து வருகிறது. மேல்முனையின் பங்கு முப்பதே. வளர்ச்சி எங்கே விரைகிறதோ அங்கே பிழை நேரவும் வாய்ப்பு அதிகம்.

கழுத்துக்கு வருவோம், இங்கே கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. குழந்தைகளுக்கு எளிய எலும்பு நீர்க்கட்டி வரும் இடங்களில் மேற்கை எலும்பின் மேல்முனைக்கு அடுத்தது இதுதான். எலும்பு மெலிந்து உள்ளே நீர் நிறைந்திருக்கும். ஒரு நாள் விளையாட்டில் முறியும்போதுதான் பலருக்கும் அப்படி ஒன்று இருந்ததே தெரியவரும். முறிந்த சில்லு நீருக்குள் மூழ்கி அடியில் கிடப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால் மருத்துவருக்குச் சந்தேகமே எழாது.

அதே கழுத்தில் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியா என்ற கோளாறும் வரும். கரு உருவான தொடக்க நாட்களில், ஓர் உயிரணுவின் மரபுக் குறிப்பில் ஒரே ஓர் எழுத்து மாறிவிடுகிறது. பெற்றோரிடமிருந்து வந்ததும் இல்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. அந்த ஓர் அணுவின் வழித்தோன்றல்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தனவோ அங்கெல்லாம் எலும்புக்குப் பதில் நார்த்திசு நிறைகிறது. கடுமையாக இருந்தால் கழுத்து பாரம் தாளாமல் ஆண்டுக்கணக்கில் வளைந்து, இடையன் கையிலுள்ள கோலின் தலைபோல் ஆகிவிடும். மருத்துவ நூல்கள் அந்தப் பெயரையே அதற்கு வைத்திருக்கின்றன. எத்தனையோ கோடி எழுத்துகள் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டதால்தான் நாம் இங்கே நிமிர்ந்து நிற்கிறோம் என்பதை, ஒரு பிழையைக் கண்ட பிறகுதான் உணர்கிறோம்.

ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா இன்னொன்று. 1935இல் ஹென்றி ஜாஃபி இதற்குப் பெயர் தந்தார். அதன் கரு இரண்டு சென்டிமீட்டருக்கும் சிறியது. அவ்வளவு சிறியது, பகலெல்லாம் அடங்கிக் கிடந்து இரவில் ஒரு பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்யும். வலியைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை அதுவே மிகுதியாகச் சுரக்கிறது. அதனால்தான் ஆஸ்பிரின் வகை மாத்திரைகளுக்கு வியக்கத்தக்க விதத்தில் அடங்குகிறது. இன்று மெல்லிய ஊசி ஒன்றைச் செலுத்தி வெப்பத்தால் அதைச் சுட்டு அழித்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்பதற்கும் கழுத்தே சான்று. அதன் முன்புறத்தில் மேல்பாகமாக ஒரு சிறு குழி சிலருக்குத் தெரியும். மூட்டின் உறை உராயும் இடத்தில் ஏற்பட்ட தடம் அது. வலியில்லாதவரை யாரும் அதைத் தொடவேண்டாம். முண்டுகளுக்கு இடையிலான பகுதியில் கொழுப்பும் நாரும் கலந்த ஒரு கட்டி வரும். வாயில் நுழையாத பெயர் அதற்கு. உடலில் இந்த ஓர் இடத்தையே அது பெரும்பாலும் விரும்புவது ஒரு விந்தை. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாகக் கண்ணில் படும், பல ஆண்டுகளாகச் சும்மா இருந்திருக்கும்.

முதுமையில் நிலைமை மாறுகிறது. அப்போது இந்த எலும்பில் தோன்றும் கட்டிகள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்தவை: மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், புரோஸ்டேட், தைராய்டு ஆகியவற்றின் புற்றிலிருந்து இரத்தத்தில் மிதந்து வந்த அணுக்கள். கை கால்களின் நீண்ட எலும்புகளில் அவை அதிகம் தங்குவது தொடையெலும்பின் இந்த மேல்பகுதியில்தான். தலையிலும் பெரிய முண்டிலும் உள்ள மஜ்ஜை சிறுவயதிலேயே கொழுப்பாகி மஞ்சளாகிவிடுகிறது. கழுத்தின் அடியிலும் முண்டுகளுக்கு நடுவிலும் மட்டும் சிவப்பு மஜ்ஜை வயதான பின்னும் எஞ்சி, இரத்தத்தை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. அங்கே இரத்தம் அகன்ற நாளங்களில் மெதுவாக ஊர்கிறது. உயிர் ஊறும் இடத்தைத்தான் அந்த அணுக்களும் தேடி வருகின்றன. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து 1889இல் எழுதிய கட்டுரையில், புற்றணுவை விதையாகவும் அது முளைக்கும் உறுப்பை மண்ணாகவும் கண்டார். எந்தக் கொழுந்து எந்தச் சரிவில் நன்றாக வரும் என்று அறிந்த மலைவாசிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இதில் சிறிய முண்டு சொல்லும் சேதி மிக நுட்பமானது. பந்து விளையாடும் பதினான்கு வயதுப் பையனுக்குத் தசை இழுத்து அது பிய்ந்தால், வளர்ச்சித் தட்டு இன்னும் மூடவில்லை என்று பொருள், ஓய்வில் ஆறிவிடும். அதே முண்டு, விழாமல் அடிபடாமல், ஐம்பது அறுபது வயதுக்காரருக்குத் தானாகப் பிய்ந்தால், வேறு எதுவும் நிரூபணமாகும்வரை அதைப் புற்றின் பரவலாகவே கருதவேண்டும் என்று எலும்பு மருத்துவர்கள் கற்றிருக்கிறார்கள். ஒரே முறிவு, வயதைப் பொறுத்து இருவேறு செய்தி. எலும்பு முறியும் முன்பே தண்டுக்குள் உலோகக் கம்பி செலுத்தித் தாங்கவேண்டுமா என்று முடிவு செய்ய மிரெல்ஸ் என்பவர் 1989இல் வகுத்த மதிப்பெண் முறையிலும், புள்ளி முண்டுகளை ஒட்டி இருந்தால் அதற்கே மிக உயர்ந்த மதிப்பெண். பாரம் திரும்பும் இடம் எது என்பது அந்தக் கணக்கிலும் பதிந்திருக்கிறது.

மேல்முனை முழுவதையும் எடுத்துவிடவேண்டிய நிலையும் வருவதுண்டு. ஒரு காலத்தில் அதற்குப் பொருள் காலையே இழப்பது. சென்னையில் மருத்துவர் மயில்வாகனன் நடராஜன், 1980களின் இறுதியிலிருந்து, ஒவ்வொரு நோயாளியின் எலும்பு அளவுக்கேற்ப உள்நாட்டிலேயே செய்வித்த பெரிய உலோக மூட்டுகளைப் பொருத்தி, நூற்றுக்கணக்கானவர்களின் கால்களைக் காத்தார். இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது. அந்த அறுவையில் கடினமான கட்டம், பெரிய முண்டில் வேரோடியிருந்த பிட்டத் தசைகளை உலோகத்தோடு சேர்த்துக் கட்டுவது. உயிருள்ள தசை உலோகத்தில் வேர்விடுவதில்லை. அதனால் நன்றாகத் தேறியவர்கள்கூட ஒரு பக்கம் சற்றே சாய்ந்து நடக்கிறார்கள். நீண்ட தூரத்துக்கு ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது. தலைசிறந்த கைகள் சிறந்த உலோகத்தில் செய்தும் எட்டாத அந்தக் கடைசி அங்குலத்தை, தாயின் வயிற்றில் குருத்தெலும்பு தானாகவே எட்டியிருந்தது.

மலையில் வாழும் பெற்றோர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகளில் பொதுவானவை உண்டு. ஆகவே தொடையெலும்பின் கழுத்தில் வந்த நோயைப் பிள்ளை சில சமயம் முட்டி வலி என்றே சொல்லும். தோட்டத்தில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு முட்டி வலிப்பதில் என்ன அதிசயம் என்று நாமும் தைலம் தேய்த்து விட்டுவிடுவோம். முட்டியைப் படமெடுத்தால் அது சுத்தமாகத்தான் இருக்கும். இரவில் எழுப்பும் வலி, காரணமில்லாத நொண்டல், வாரக்கணக்கில் விடாத வேதனை என்றால், தானா ராத்தா மருத்துவமனையானாலும் கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி ஈப்போவுக்குப் போனாலும், “இடுப்பையும் சேர்த்து எடுங்க டாக்டர்” என்று கேட்கலாம். இரண்டு படங்கள் எடுப்பார்கள். ஒன்று நேராகப் படுக்கவைத்து. மற்றொன்று முழங்கால்களைத் தவளைபோல் மடக்கி விரிக்கச் சொல்லி. ஒரு படத்தில் ஒளிந்துகொள்வது மற்றொன்றில் தெரியக்கூடும்.